ஒரு விரல் இடைவெளி

காலைக் குளிர் இன்னும் படகுத்துறையை விட்டுப் போகவில்லை. உல்லாசப் படகில் ஓட்டுபவர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தங்கை தைத்து மாட்டிய நீலத் துணிக்கூடு, தட்டினால் மேளமாய் அதிரும் விறைப்பில் நிற்கிறது. அக்காக்காரி கட்டைவிரலால் தையல் தையலாகத் தடவிப் பார்க்கிறாள். பேருக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லை. போன வருஷம் இதே படகுக்கு அவள் தைத்த கூடு மழைத் தண்ணீரைத் தொட்டில் கட்டிச் சுமந்தது. படகுக்காரர் அதை இன்றும் சிரித்துச் சிரித்துத்தான் சொல்கிறார். அவளுக்கு வயிறு எரிகிறது. கடைசி மூலையில் மட்டும் பிளாஸ்டிக் ஜன்னலின் பொத்தான் எட்டவில்லை. ஒரு விரல் இடைவெளி. எரிந்த வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கிறது. "அளவு தப்பிடுச்சு போல," என்கிறாள், குரலில் கரிசனத்தைக் குழைத்து. "இல்லக்கா, பிளாஸ்டிக் குளிர்ல சுருங்கிக் கிடக்கு. வெயில் பட்டா இளகிக் குடுக்கும்," என்கிறாள் தங்கை, பொத்தானைப் பிடித்தபடியே. மேல்தளப் பலகையில் வெயில் தவழ்ந்து வருகிறது. அக்கா எழுந்து போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி அந்த மூலையோரம் நிற்கிறாள். "கொஞ்சம் தள்ளி நில்லுக்கா." அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய நிழல் அந்த ஜன்னலை ஓரம் விடாமல் மூடியிருக்கிறது. அவள் வெட்டித் தைத்த எதுவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை.