மூன்றாவது பின்

மூன்று மாதமாகப் பெட்டிக்குள் கிடந்த மின்சாரக் காபி பெர்கோலேட்டர், விடியற்காலைகளில் கொதிப்பதுபோல் ஐயம்பெருமாளுக்குக் கேட்டது. தாங்க முடியாமல் அதைப் பேட்டையில் பழுது பார்க்கும் கணேஷ்ராமிடம் எடுத்துப்போனார்.

“அண்ணாச்சி, உள்ள வயரு தேஞ்சு பாத்திரத்துல தொடுது. பிளக்குல மூணாவதா இருக்க எர்த் பின்னை வேற யாரோ ஒடிச்சிருக்காவ. அது இருந்தா ஷாக் அடிக்காம ஃபியூஸ்தான் போயிருக்கும். வீட்டுல யாரும் தொட்டுரலையே?”

ஐயம்பெருமாள் வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தார்.

“சித்ரா, ஈரக்கையோட தொட்டுத்தான் அம்மா போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன்லா?”

“ஆமாப்பா. அதை ஏன் இப்பச் சொல்லுதீய?”

“அவ மேல தப்பில்லம்மா. சுவத்து சாக்கெட்டுல ரெண்டு ஓட்டைதான் இருந்துச்சு. மூணாவது பின்னை ஒடிச்சது நான்தான்.”

மகள் போனை வைக்கவில்லை.