ஆணி அடிக்கக் கூடாது

சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்ற ஒரே கண்டிஷனோடுதான் வேதநாயகி தன் வீட்டைக் கருணாகரனுக்கு வாடகைக்கு விட்டாள். ஐந்து வருடம் கழித்து அவன் காலி செய்தபோது கூடம், படுக்கையறை, பூஜை அலமாரி என்று எங்கு பார்த்தாலும் ஆணி. "வீடுன்னா நாலு ஆணி இல்லாமயாம்மா?" என்று சிரித்துவிட்டுப் போனான். சுவரெல்லாம் அம்மைத் தழும்பாக, அத்தனை ஆணியையும் அவளே பிடுங்கி ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தாள். வெள்ளையடிக்க வந்தவரிடம், "ஓட்டைய அடைக்காதீங்க, எனக்கு மறந்துடும்" என்றாள்.

கருணாகரன் சொந்த வீடு கட்டி, பழைய ஓனர் ஆயிற்றே என்று கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனாள். புதுப் பெயிண்டில் யாரும் சாய்ந்துவிடக் கூடாதே என்று அவன் வந்தவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

வேதநாயகி பையிலிருந்து பாட்டிலை வெளியே எடுத்தாள். "உன் பொருளயெல்லாம் என் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியேப்பா."

அசடு வழியக் கை நீட்டினான்.

"நீ எதுக்குப்பா சிரமப்படுற?" என்றவள், வளைந்து துருவேறிய ஓர் ஆணியைக் கூடத்துச் சுவரின் நட்டநடுவில் வைத்து, கையோடு கொண்டுவந்திருந்த சுத்தியலை ஓங்கினாள். "வீடுன்னா நாலு ஆணி இல்லாமயா?"