பூட்டு வாத்தியாரின் கணினி

பூட்டு வாத்தியார் வீட்டுக் கணினிக்கு இதுவரை ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை.

பள்ளியில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பூட்டிய வகுப்பறையைத் திரும்பி வந்து மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். பதினெட்டு வருடமாகப் பொதுத்தேர்வுக்குக் கணித வினாத்தாள் தயாரிப்பவர் பின்னே எப்படி இருப்பார்?

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, தேர்வுத் துறை விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். கூடவே ஒரு கணினி நிபுணர். முப்பது வயதுப் பெண். வந்ததும் வராததுமாக வாத்தியாரின் கணினியைத் தன் மடிக்கணினியோடு இணைத்துக்கொண்டு குடையத் தொடங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். வாத்தியாருடைய மனைவியின் தம்பி தனிப்பயிற்சி மையம் நடத்துகிறார். தேர்வுக்கு முதல் நாள் அங்கே கொடுத்த மாதிரித் தாளின் நாற்பது கேள்விகளும், மறுநாள் தேர்வில் அதே வரிசையில் வந்துவிட்டன.

"இணையத்துல கிடைச்சுதுன்னு உங்க மைத்துனர் சொல்றார் சார்" என்றார் அதிகாரி. "எங்க ஆபீஸ்லயும் அச்சகத்துலயும் அலசிட்டோம். அங்க ஓட்டை இல்ல. உங்க கணினிக்குள்ள உளவு மென்பொருள் ஏதாவது புகுந்திருக்கும். பயப்படாதீங்க. கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிடுவோம். இனிமே வினாத்தாள் வேலை தர மாட்டாங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! கவனக்குறைவு என்ற சொல்லை மாணவர்களின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதித்தான் வாத்தியாருக்குப் பழக்கம். அது தன் பெயருக்குப் பக்கத்தில் வரப்போகிறது என்றதும் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"புகுந்திருக்கும் சார், கண்டிப்பா புகுந்திருக்கும்" என்று கதவோரம் நின்ற மனைவி முந்திக்கொண்டார். "இவர் கண்டதையும் தட்டுவார். போன மாசம்கூட பரிசு விழுந்திருக்குன்னு ஒரு மெயில் வந்துது. திறந்து பார்த்தார்."

"யாரு, நானா? அனுப்பின முகவரியில ஒரு எழுத்து மாறியிருந்துது. திறக்காமலே அழிச்சேன்!"

நிபுணர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க. பாஸ்வேர்டு கேட்டா பொண்ணு பிறந்த நாளா இருக்கும்."

வாத்தியாருக்குச் சுரீரென்றது.

"இருபத்திரண்டு எழுத்து மேடம்! எங்கேயும் எழுதி வைக்கல, இதுக்குள்ள இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை காலையில அப்டேட் போடாம நான் பல்லுகூட விளக்க மாட்டேன்."

"இலவசமா சீட்டாட்டம் ஒண்ணு இறக்கினோமே, அதுல வந்திருக்கும் சார்" என்றார் மனைவி.

"இறக்கப் பார்த்தது நீ! உனக்குன்னு தனிக் கணக்கு வெச்சிருக்கேன். அதுல எதையும் நிறுவ முடியாது."

அதிகாரி மனைவியைக் கூர்ந்து பார்த்தார். "உங்க தம்பி இந்தக் கணினியைத் தொட்டிருக்காராம்மா?"

"அவனா? அவன் இந்த அறைப் பக்கமே வர மாட்டான் சார்." தம்பி என்றதும் அந்த அம்மாளின் குரல் ஒரு படி இறங்கிவிட்டது. "வைரஸ்தான் சார், வேற என்ன?"

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். மனைவி நகர்ந்து வந்து கணவரின் காலை மிதித்தார்.

"காலை ஏன் மிதிக்கிறே?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார் வாத்தியார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அவன் பென் டிரைவோட ஒரு நாள் வந்தான் சார். வாசலோட அனுப்பிட்டேன். கேமராவைப் பாருங்க, பிளாஸ்திரி போட்டிருக்கேன். வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தா இணைய வயரையே பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் வைரஸ் எந்த வழியா வரும், ஜன்னல் வழியாவா?"

மனைவி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கட்டின புருஷன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, தம்பி தப்பித்தால் போதும் என்று நினைக்கிற மனுஷியைப் பார்க்க அதிகாரிக்கே சங்கடமாக இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து நிபுணர் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு போய் மரியாதை வந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். இவ்வளவு சுத்தமான வீட்டுக் கணினியை நான் பார்த்ததே இல்ல. வெளி ஆள் நுழைஞ்ச தடமே கிடையாது. வினாத்தாளை உங்க கணக்குல மட்டும்தான் திறந்திருக்காங்க."

வாத்தியார் பெருமை தாங்காமல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் அழுதுவிடுவார் போலிருந்தது.

"உங்களுக்குத் தெரியாம வீட்டு ஆளுங்க யாராவது..." என்று இழுத்தார் அதிகாரி.

"ஈ காக்கா நெருங்க முடியாது சார்!"

"எழுதிக் கொடுக்கிறீங்களா?"

வாத்தியார் மணிமணியான கையெழுத்தில் எழுதினார். தன் கணினியில் உளவு மென்பொருள் எதுவும் புகவில்லை, புகவும் முடியாது; தன்னைத் தவிர வினாத்தாளை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இரண்டு 'முடியாது'வுக்கும் அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ரொம்ப நன்றி சார். சட்டையை மாத்திட்டு வாங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம்."

"நான் எதுக்கு?"

"அங்கேயும் ஓட்டை இல்ல, இங்கேயும் ஓட்டை இல்ல. அப்போ கேள்வியை வெளியில கொடுத்தது யார் சார்?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"வைரஸ் திருடிடுச்சுன்னு சொல்லிக்கலாம்னு நீங்கதானே திட்டம் போட்டு என் தம்பிகிட்ட கேள்வித்தாளைக் கொடுத்தீங்க? அவனே இணையத்துல கிடைச்சுதுன்னு பிசகாம ஒப்பிச்சுட்டான், உங்க வாயில அந்த ஒரு பொய் வரலையே!"