மூலை அறைக்கு ஒரு கையெழுத்து

"உங்கள் மகளுக்கு மொழி விளங்குவதில்லை. மூளையும் கொஞ்சம் மந்தம். இனி மூலை அறையில், தனி ஆசிரியையோடுதான் படிக்கவேண்டும். இந்தப் படிவத்தில் கையெழுத்து வையுங்கள்."

பலெர்மோப் பள்ளிக்கூடத்து ரீச்சர் இத்தாலி மொழியில் கடகடவென்று சொல்லிவிட்டு, "அம்மாவுக்குத் தமிழில் சொல்லு" என்று ஒன்பது வயதுக் கேசிகாவிடமே சொன்னா. கெட்டிக்கார ரீச்சர்தான்!

மிதுசன் ஏற்கெனவே அந்த அறையில்தான். நிரோசினியும் அங்கைதான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளே மூன்று பேர். மிச்சம் இவள் ஒருத்திதான்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டே வருசம். வாய் திறந்தால் வகுப்பே சிரிக்குதென்று கதைக்காமல் விட்டாள். அது ஒரு குற்றமா, சொல்லுங்கோ!

யன்னலோர வாங்கில் சிநேகிதி ரோசாலியாவுக்குப் பக்கத்தில் இருந்தே படிக்கவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். அவ்வளவு ஏக்கம்.

"என்னவாம் பிள்ளை?" அம்மா குகனேஸ்வரி கேட்டா. மூன்று வீடு துடைத்துவிட்டு ஓடிவந்த களைப்பு முகத்தில். 'உன்ரை படிப்புக்காகத்தான் இஞ்சை கிடந்து மாயிறன்' என்று நாளுக்குப் பத்துத்தரம் சொல்லுற மனுசி. இதை எந்த வாயால் சொல்லுறது?

"நான் நல்லாப் படிக்கிறனாம், அம்மா. எனக்கெண்டு தனி ரீச்சர் தரப்போகினமாம். கையெழுத்து வைக்கட்டாம்."

அம்மா அவளையே பார்த்தா. பேனையை எடுத்தா. கேசிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா பேனையைத் திருப்பி மேசையில் வைத்தா.

குகனேஸ்வரிக்கு இத்தாலி மொழி வராதென்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், கேசிகாவும்தான். தெரியுமென்று காட்டினால் வேலை வீட்டுச் சீமாட்டிகள், அந்தச் சிஞ்ஞோராமார், இன்னும் பத்து வேலை சொல்லுவினம் என்பது அவவின் கணக்கு. லீவு நாளில் வேலை வீட்டுக்குக் கூட்டிப் போனால் மகளுக்கும் அதே கட்டளை: "வாய் திறக்கப்படாது!"

இப்போது சந்தையில் பழகின இத்தாலி மொழியில் அம்மா வாய் திறந்தா.

"ரீச்சர், நீங்கள் சொன்னது அவளுக்கு ஒண்டும் விடாமல் விளங்கினது. அதாலைதான் எனக்கு நோகாமல் மாத்திச் சொல்லுறாள். தெரிஞ்சுகொண்டும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கினது நான். அந்த அறையிலை ஆரையும் இருத்தத்தான் வேணுமெண்டால், என்னை இருத்துங்கோ."