குளோரி டீச்சரின் ஸ்கூட்டர்

உலகம் முன்னேறாமல் கிடப்பதற்கு ஒரே காரணம் பாசம்தான் என்பதை, பிளஸ் டூ படிக்கும் ஜெபசிங் கண்டுபிடித்திருந்தான். அதற்கு அவன் காட்டிய ஆதாரம் ஒரு ஸ்கூட்டர். வகுப்பில் நெஞ்சுவலி வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போன குளோரி டீச்சர் திரும்பி வரவேயில்லை. அவருடைய ஸ்கூட்டர் மட்டும் பள்ளிக்கூடத்து வாதாமரத்தடியிலேயே நின்றது. காலையில் அதைக் கடந்துபோகிற பிள்ளைகள் நின்று, "குட் மார்னிங் டீச்சர்" என்றார்கள். தலைமையாசிரியர்கூட லேசாகத் தலையசைத்துவிட்டுத்தான் போனார்.

"ஏட்டி மாரிக்கனி, அது வெறும் வண்டி. ஹாரன்கூட ஒழுங்கா அடிக்காது. அதுக்குப் போயி வணக்கமா?" என்று கூடப் படிக்கிறவளிடம் கேட்டான் ஜெபசிங்.

"வாய மூடிக்கிட்டுப் போலே" என்றாள் மாரிக்கனி.

ஒரு திங்கட்கிழமை டீச்சரின் கணவர் சாவியோடு வந்தார். வண்டி இனி இங்கே நிற்காது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மாரிக்கனி எப்போதும்போல அதன் முன்னால் நின்று வணக்கம் சொன்னாள். அவள் பின்னால் ஆறாம் வகுப்புப் பொடிசுகள்வரை வரிசையாக வந்து சொன்னார்கள். சாவியைப் போட்டவர் வரிசை முடியும்வரை வண்டியைக் கிளப்பவில்லை. பிறகு அதை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"முழுப்பரீட்சை முடியட்டும் மக்களே. அதுவர இங்கனயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

மணி அடித்தது. எல்லோரும் வகுப்புக்கு ஓடினார்கள். ஸ்கூட்டர் சீட்டில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. ஜெபசிங் இரண்டு பக்கமும் பார்த்தான். யாருமில்லை. ஹேண்டிலை மெதுவாகப் பிடித்தான்.

"கொஞ்சம் நிழலுக்குத் தள்ளிக்கிடுங்க டீச்சர்."