டிஸ்க் வைத்தியம்

அந்தப் பெண் மேசைமேல் இறக்கி வைத்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்ததும் சர்வீஸ்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இடது ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். சந்தேகமே இல்லை, மாடியில் இருக்கும் பல் டாக்டரின் பெட்டி. நாலு தடவை பிரித்து மூடியவருக்குத் தெரியாதா? போன மாதம் கிளினிக்கிலிருந்து திருட்டுப் போனது. பூட்டு உடையவில்லை, கதவு பெயரவில்லை, யாரோ சமர்த்தாகச் சாவி போட்டுத் திறந்து தூக்கிப் போயிருந்தார்கள். டாக்டர் வெளியூர் போகும்போதெல்லாம் சாவியைக் கீழே இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். அது போதாதா? கட்டிட ஓனருக்கு அன்றிலிருந்து இவர்மேல் ஒரு கண்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள திருடன் யாருன்னு தெரியணும். இல்லேன்னா கடையைக் காலி பண்ணிடு" என்று முந்தாநாள்தான் மிரட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷக் கடை! இனி எந்தத் தெருவில் போய் போர்டு மாட்டுவது?

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக, இதோ பெட்டியே கடை தேடி வந்திருக்கிறது.

"என்னம்மா பிரச்சினை?" என்றார், குரலில் தேன் தடவி.

"திடீர்னு கரண்ட் போச்சுங்க. அதுலேர்ந்து ஆன் பண்ணினா, டிஸ்க்கை செக் பண்ணணும்னு ஏதோ எழுத்து வந்து நின்னுடுது. உள்ள இருக்கறது எதுவும் அழியக்கூடாது."

"யாரோடது?"

"என் தம்பியோடது. டெய்லர் கடை வச்சிருக்கான். சட்டை அளவெல்லாம் இதுலதான் இருக்கு."

அடி ஆத்தாடி, என்ன சரளம்!

"கவலைப்படாதீங்க. எந்த ஃபைல் எங்க இருக்குன்னு டிஸ்க்குல ஒரு பட்டியல் இருக்கும். கரண்ட் பட்டுனு போனா அது குழம்பிடும். ஃபைல் இருக்கும், விலாசம் இருக்காது. ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிச்சு உக்கார வைக்கணும். நேரமாகும். உக்காருங்க."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சோதனையை ஓடவிட்டார். மேசைக்கு அடியில் ஓனருக்கு ஒரு மெசேஜையும் தட்டிவிட்டார்: 'திருடி சிக்கிட்டா. டாக்டரைக் கூட்டிட்டு உடனே வாங்க.'

ஆனால் வெறும் கீறலைக் காட்டி ஒருத்தியைத் திருடி என்றுவிட முடியுமா? உள்ளே இருக்கும் எக்ஸ்ரே படங்கள் திறக்க வேண்டும். டிஸ்க் தேறாவிட்டால் ஆதாரமும் போச்சு, கடையும் போச்சு.

திரையில் ஒரு சதவீதம். நாலு. பத்து. பத்திலேயே ஆணி அடித்தாற்போல் நின்றது.

"நின்னு போச்சா?" அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். "நான் வேணா சாயங்காலமா வரட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்! இதோ முடிஞ்சுடும்." எழுந்துபோய்ப் பழைய பிரின்டர் ஒன்றை வாசலுக்குக் குறுக்கே நகர்த்தி வைத்தார். தூசி தட்டுகிறாராம்.

கால் மணி நேரம் கழித்துத் திரை அசைந்தது. விலாசம் தொலைத்த ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக ஓட ஆரம்பித்தன. வலது கடைவாய்ப்பல். ஞானப்பல், மேல்தாடை. சொத்தை, அடைப்பதற்கு முன்.

"ஏம்மா, உங்க தம்பி சட்டை தைக்கிறாரா, பல்லு தைக்கிறாரா?"

அவள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அது... பழசா வாங்கினான்."

அதற்குள் ஓனர் பிரின்டரைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார். பின்னாலேயே டாக்டர், கையுறையைக்கூடக் கழற்றாமல்.

"இந்தம்மாதானா?"

"இவங்களேதான்! பன்னெண்டு வருஷமா மானத்தோட பொழைக்கிறேன் சார். என்னைப் போய்ச் சந்தேகப்பட்டீங்களே! எத்தனை நாள் சோறு இறங்கல தெரியுமா?" சர்வீஸ்காரர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"புலம்பாதப்பா. முதல்ல ஆதாரத்தைக் காட்டு."

நூறு சதவீதம். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து, மறுபடி உயிர் பெற்றது. பாஸ்வேர்ட் கேட்டது. "காட்டறேன் சார், நல்லாப் பாத்துக்குங்க" என்று ஓனரைப் பார்த்தபடியே டக டகவென்று தட்டினார். இரண்டு ஃபைலைத் திறந்தார். திரை முழுக்க ஒரு பிரம்மாண்டமான கடைவாய்ப்பல் பல்லிளித்தது.

"என் எக்ஸ்ரே! என் கம்ப்யூட்டர்!" டாக்டர் குதித்தார்.

ஓனர் சர்வீஸ்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனைச்சுட்டேன், மனசுல வச்சுக்காத. நீ இருக்கற வரைக்கும் இந்தக் கடை உனக்குத்தான். போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சார், ஓடி வரட்டும்!" சர்வீஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "இப்ப என்னம்மா சொல்றீங்க?"

அவள் நிதானமாக எழுந்தாள். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"டாக்டர், இதுக்கு நீங்க என்ன பாஸ்வேர்ட் வச்சிருந்தீங்க?"

"பாஸ்வேர்டா? எனக்கு அதெல்லாம் எங்கேம்மா ஞாபகம் இருக்கும்? நான் வச்சதே இல்லையே."

அவள் கைப்பையிலிருந்து போலீஸ் அடையாள அட்டையை எடுத்து விசைப்பலகைமேல் வைத்தாள்.

"பழைய சாமான் கடையில இதை நாங்க கைப்பத்தினப்பவே நான் சொல்லாமலே நீங்க தட்டின அந்தப் பாஸ்வேர்ட் இதுல இருந்துச்சு சார். அது திருடினவனுக்கு மட்டும்தான் தெரியும்னு, இதைத் தூக்கிக்கிட்டு நான் ஏறி இறங்கற அஞ்சாவது சர்வீஸ் கடை உங்களோடது."