சோதனைக்கு ஒத்திகை

"உம்மட பாஸ்போட் ஆரிட்ட இருக்கு?"

"முதலாளிகிட்ட" என்றாள் ஜென்சி.

செபஸ்தியாம்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை! 'என்னட்டத்தான் இருக்கு' எண்டெல்லே சொல்லவேணும். திருப்பிச் சொல்லும்."

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அவருடைய சின்னத் தையல் கூடம். தைப்பதெல்லாம் ஒரு பெரிய கொம்பனிக்கு. தாங்கள் விற்கும் உடுப்பில் எங்காவது அடிமை வேலை கலந்திருக்கிறதா என்று அந்தக் கொம்பனி ஆண்டுதோறும் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி.

நேற்று அங்கிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. முப்பது வருடம் இருந்தும் அவருக்குப் பிரெஞ்சு 'போன்ஜூர், மெர்சி'யோடு சரி. கடிதங்களை வாசித்துச் சொல்வது, காரைக்காலில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஜென்சிதான். வேலை விசாவில் அவர் வரவழைத்த ஒரே ஆளும் அவள்தான்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு அம்மா வர்றாங்களாம் சார். என்கிட்ட தனியா பேசணுமாம்" என்று அவள் வாசித்ததிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒப்பந்தம் போனால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பாஸ்போர்ட்டைக் காட்டுன்னு கேட்டா என்ன சார் செய்றது?"

நியாயமான கேள்வி. அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "வெள்ளி பின்னேரம் திருப்பித் தந்திடவேணும், என்ன?"

"சரிங்க சார்."

"கிழமையில எத்தனை நாள் லீவு?"

"லீவே கிடையாதே சார்."

"ரெண்டு நாள் எண்டு சொல்லும்! தனிய வெளியில போய் வாறனீரோ?"

"ஓ, நெனச்சப்பல்லாம் போவேன் சார்."

"அப்பிடிச் சொல்லும்!"

"எந்த பஸ்ஸுன்னு கேட்டா? ரெண்டு வருஷமா உங்க வேன்லதானே கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறீங்க. மெட்ரோவை நான் கண்ணால பார்த்ததில்ல. திருதிருன்னு முழிச்சா மாட்டிக்குவோம் சார்."

என்ன பொறுப்பான பிள்ளை! செபஸ்தியாம்பிள்ளைக்கு மனம் உருகிவிட்டது. சட்டைப் பையைத் துழாவி, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து நீட்டினார்.

"மெட்ரோ மட்டும் போய்ப் பாத்திட்டு உடன திரும்பும். பஸ் நம்பரைப் பாடமாக்கும்."

ஜென்சி கோட்டை மாட்டிக்கொண்டாள். "போறேன் சார்."

"போயிட்டு வாறன் எண்டு சொல்லும் பிள்ளை" என்று அதையும் திருத்தி அனுப்பினார்.

ஒன்றரை மணி நேரம் கழிந்தது. சாப்பாடு கொண்டுவந்த மகள் தனுஷா, மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"வெள்ளிக்கிழமை சோதிக்க ஆள் வருது பிள்ளை. அதுதான் ஒரே பதட்டம்" என்றார், வாசலைப் பார்த்தபடி.

"ஆர் வாறது? அப்பிடி ஒண்டும் இதில இல்லையே, அப்பா. நீங்கள் கையெழுத்து வச்சு அனுப்பின உறுதிமொழியே போதுமாம். இந்த வருசம் இங்க ஒருத்தரையும் அனுப்பமாட்டினமாம்."